பேழையில் பருப்பு இல்லை

போன வாரம் கொட்டிய மழையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மைசூர் ஹெப்பாள் பக்கத்தில் வீடு வாங்கும்போது மேட்டு நிலம், பயமே இல்லை என்று சத்தியம் செய்துதான் விற்றார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் யாருடைய செருப்போ ஒன்று ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. உடனே எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளருக்கு ஞானோதயம் வந்து, வீட்டுக்கு ஒரு அவசரப் பை தயாராக இருக்க வேண்டும் என்று எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! நான் வளர்ந்ததே அப்படி ஒரு பெட்டியில் முட்டிக்கொண்டுதான்.

பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த அம்மாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. என் மகள் ரீனாவைக் கூப்பிட்டு, "அந்தப் பேளைய எடுத்துட்டு வாடி" என்றேன். போனவள் சமையலறையிலிருந்து துவரம்பருப்பு டப்பாவோடும் ஒரு டம்ளரோடும் வந்து நின்றாள்.

"எஷ்டு பேகும்மா? ஒரு டம்ளர் போதுமா?"

எனக்கு வந்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மைசூரில் பிறந்து மைசூரில் படித்த பெண். கன்னடம்தான் சரளமாக வரும். தமிழ் என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும். என் வாயில் பேழை, பேளை என்றுதான் வரும்; கன்னடத்தில் பருப்புக்குப் பேளெ என்று பேர். ஆனால் இதே தவறை இவளுக்கு முன்னால் இன்னொருத்தர் செய்து, அதனால் இரண்டு வீடுகள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த கதை அவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், உட்காருங்கள்.

பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் ஒரு வாசனை வரும். வேப்பிலையும் பாச்சை உருண்டையும் பழைய ரஸ்க்கும் சேர்ந்த வாசனை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மார்க்கெட்டில் வாழைப்பழக் கடை. அம்மா ஆரோக்கியமேரி, தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மைசூர் வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த ஊர்ப் பேச்சை விடவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று பூசையில் சாமியார் எப்போதும் விழிப்பாயிருப்பதைப் பற்றித்தான் பேசுவார். எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவோம். ஒரு வருஷம் சாமியார் அந்தப் பழைய பெருவெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். தின்று குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தண்ணீர் வாரிக்கொண்டு போனது, முன்கூட்டியே பேழை என்கிற மரக்கப்பல் கட்டியவர் குடும்பம் மட்டும் பிழைத்தது என்றார். அம்மா அன்றைக்குத் தூங்காமல் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் அப்பாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, புதிதாக அடுக்க ஆரம்பித்தாள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ரஸ்க், சுக்கு, மிளகு, மெழுகுவத்தி, டார்ச், மெழுகு தடவிய தீப்பெட்டி, காய்ச்சல் மாத்திரை, துவைத்து மடித்த பழைய நூல்சேலைகள், எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ், ஒரு ஜெபமாலை.

அப்பா வாசற்படியில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாருங்கப்பா, இவ பேளை கட்டறாளாமா!" என்றார். கேலியாக வைத்த அந்தப் பேர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் 'ழ' எங்கள் குடும்பத்தில் கோயிலில் வாசகம் வாசிக்கும்போது மட்டும்தான் வரும். வீட்டுக்குள் எல்லாமே 'ள'தான். பேளை, பளம், மளை. வாழைப்பழம் விற்கிற அப்பாவே ஒரு நாளும் அதைச் சரியாகச் சொன்னதில்லை!

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்தப் பெட்டியை வைத்து நடக்கிற வேத விவாதம் இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்டதில்லை. அப்பாவுடையது பழக்கடைக்காரர் விசுவாசம். "சேத்து வெச்சா அளுகும் மேரி. வானத்திலிருந்து விளுந்த மன்னா அப்பத்தையே சேத்து வெச்சவனுக்குப் புளுத்துப்போச்சு. ஆண்டவரு அன்னன்னைக்குத்தான் குடுப்பாரு" என்பார்.

"மன்னா புளுக்குமுங்க. எண்ணெய் புளுக்காது" என்பாள் அம்மா. மணமகனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துப் பெண்களைச் சொல்கிறாள். கூடுதலாக எண்ணெய் வைத்திருந்த ஐந்து பேர் விருந்துக்குள் போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அந்தக் கதை அம்மாவுக்கு உயிர். ஆனால் அதிலே ஒரு இடம் அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய் கேட்டவர்களிடம், கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களே, அந்த இடம்.

"புத்தியுள்ள புள்ளைகதான், நான் இல்லைங்கல. ஆனா இன்னுங் கொஞ்சம் சேத்து எடுத்துட்டு வந்திருந்தா, கேட்ட புள்ளைகளுக்கும் ஒரு கரண்டி ஊத்தியிருக்கலாமல்லங்க?"

சாமியாரிடமே இதைக் கேட்டிருக்கிறாள். அவர் அது உவமை, அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது என்று என்னவோ சொல்லிச் சமாளித்தார். அம்மா சமாதானமாகவில்லை. அதனால் எங்கள் பேழையில் எல்லாமே இரண்டு பங்காக இருக்கும். ஒரு பங்கு நமக்கு, ஒரு பங்கு கேட்டு வருகிறவர்களுக்கு. பங்குதாரர் யார் என்றுகூட அவள் மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தாள். எதிர்வீட்டு ரத்னம்மா.

ரத்னம்மா கன்னடக்காரர். கணவர் பஸ் கண்டக்டர், பாதி நாள் வெளியூரில். அவர்கள் வீடு சந்தின் பள்ளத்துப் பக்கம், பின்னாலேயே பெரிய சாக்கடை. அம்மாவின் கன்னடமும் ரத்னம்மாவின் தமிழும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, இரண்டுமே அரைவேக்காடு. ஆனாலும் சன்னலுக்குச் சன்னல் நாள் முழுக்கப் பேசுவார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் வீட்டு மிளகு ரசம்தான் வரும்.

அந்தச் சிநேகம் ஒரு நிமிஷத்தில் கெட்டது. ரத்னம்மாவின் மகள் சவிதாவைப் பெண் பார்க்கத் திடுதிப்பென்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரத்னம்மா டம்ளரோடு ஓடி வந்து, அவசரமாகக் கொஞ்சம் பேளெ கொடுங்கள் மேரியம்மா என்றார். எங்கள் வீட்டில் அன்றைக்கென்று பார்த்துப் பருப்பு சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "ஐயோ, பருப்பு ஒரு பொட்டுக்கூட இல்லீங்களே ரத்னம்மா" என்று சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து அப்பாவின் கணீர்க் குரல் வந்தது.

"மேரி! கட்டலுக்கடியில இருக்கற பேளைய வெளிய இளு! மூட்டை மூட்டையா எறும்பு ஏறுது!"

ரத்னம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. அம்மா கொடுத்த தேங்காயையும் வெங்காயத்தையும் வாங்காமலே போய்விட்டார். அன்றையிலிருந்து எதிர்ச்சன்னல் சாத்தியே இருந்தது. சவிதாவின் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தம்மா தலையைத் திருப்பிக்கொள்வார். ஏன் என்று எங்களுக்குப் புரியவே இல்லை. பருப்பு இல்லை என்றதற்கா இவ்வளவு கோபம் என்று அம்மா புலம்புவாள், அழுவாள். ஆனால் பேழையில் இரண்டாவது பங்கை மட்டும் எடுக்கவே இல்லை. "அவங்க பேசாட்டிப் போறாங்க. தண்ணி வந்தா பள்ளத்துல இருக்கறவங்கதான முதல்ல முளுகுவாங்க?" என்பாள்.

எங்கள் பாடுதான் திண்டாட்டம். அம்மா ஒவ்வொரு திருவருகை ஞாயிறும் பெட்டியைக் காலி செய்து புதிதாக நிரப்புவாள். பழசை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சிவிடுவாள். அதற்குப் பேழைக் கஞ்சி என்று பேர். பாச்சை உருண்டை வாசனையோடு வெல்லமும் மிளகும் கலந்து ஒரு கஞ்சியை நீங்கள் குடித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம்.

நான் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கொஞ்ச நேரத்தில் சாக்கடை பொங்கி, சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர். எங்கள் வீட்டுக்குப் படிகள் இருந்ததால் வாசலோடு நின்றது. எதிர்வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது. உள்ளே பிரசவத்துக்கு வந்திருந்த சவிதா, பிறந்து சில நாட்களே ஆன குழந்தையோடு கட்டிலில். கண்டக்டர் டூட்டியில் போயிருந்தார். வீட்டில் ஆம்பளை என்று யாருமில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

அம்மா வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "ரத்னம்மா! கொளந்தைய எடுத்துட்டு இங்க வந்துருங்க! எல்லாம் இருக்கு! பேளை இருக்கு, பேளை!"

எதிரிலிருந்து வந்த பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நிம்ம பேளெ நீவே இட்கொள்ளி!" உங்கள் பருப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க? இந்த வெள்ளத்துல எதுக்குப் பருப்பு?"

அப்பா இதற்கெல்லாம் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, பழம் கொண்டுவருகிற பெரிய மூங்கில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை. அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் வந்தார். தலையில் கூடை, கூடைக்குள் துணியில் சுற்றிய குழந்தை, ஒரு கையால் சவிதாவைப் பிடித்திருந்தார். குழந்தை வந்துவிட்டால் பாட்டி எங்கே போவார்? குடையை விரித்துக் கூடைக்கு மேலே பிடித்தபடி பின்னாலேயே ரத்னம்மாவும் வந்தார். அவர் வாய் "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றே சொல்லிக்கொண்டு வந்தது. மழையில் கூடையில் போகிற குழந்தை என்றால் அவருக்கு வேறு யார் நினைவுக்கு வருவார்கள்? அம்மாவுக்கோ வேதத்தில், எகிப்து தேசத்து ஆற்றில் பேழைக்குள் வைத்து விட்ட குழந்தை நினைவுக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் அப்பாவிடம். "கடசீல பேளைய நீங்கதான் தலைல சுமந்தீங்க."

பேழையைத் திறந்தோம். குழந்தையை மெத்தென்ற நூல்சேலையில் புரட்டிச் சுற்றினோம். சவிதாவுக்கு மாற்றுச் சேலை, தலை துவட்டத் துண்டு. அம்மா சுக்கும் மிளகும் வெல்லமும் தட்டிப் போட்டுச் சூடாகக் காய்ச்சிக் கொடுத்தாள். சவிதாவின் நடுக்கம் நின்றது, குழந்தை பால் குடித்துத் தூங்கியது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ரத்னம்மா மட்டும் ஈரச் சேலையோடு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகக் குனிந்தார். ரஸ்க்கைத் தள்ளினார், அவலைத் தள்ளினார், பருப்பு எங்கே என்று அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினார்.

"பேளெ எல்லி?"

"பருப்பா? அத எதுக்குங்க இதுல வெக்கறது? அது வேகறதுக்குள்ள வெள்ளமே வடிஞ்சுரும்" என்றாள் அம்மா.

"மத்தே, கட்டலுக்குக் கீள மூட்டை மூட்டையா பேளெ இருக்குன்னு அவரு சொன்னாரல்லா?"

"எறும்பச் சொன்னேம்மா!" என்றார் அப்பா. "இந்தப் பொட்டிதாம்மா பேளை!"

எனக்குத்தான் முதலில் விளங்கியது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். ரத்னம்மா தன் புத்தியை நொந்து தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ நன்ன புத்திக்கு!" என்று சிரித்தவர் சிரிப்போடேயே அழவும் செய்தார். கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லையே மேரியம்மா, கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லையே என்று அம்மாவைக் கட்டிக்கொண்டார். நாங்கள் போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்து வீலென்று கத்தியது. அந்த இரண்டாவது பங்கிலிருந்த ரஸ்க்கைத்தான் அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டார்கள். கஞ்சிக்குப் போகாமல் தப்பித்த ஒரே வருஷத்து ரஸ்க் அது.

அதற்கப்புறம் அந்தம்மா விட்டாரா? ஒவ்வொரு திருவருகை ஞாயிறும் அம்மா பெட்டியை வெளியே இழுக்கிற சத்தம் கேட்டால் போதும், டம்ளரோடு வாசலில் வந்து நின்று, "பேளெ எல்லி?" என்று குரல் கொடுப்பார். அம்மா உள்ளேயிருந்து, "இல்லவே இல்ல, போங்க!" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அந்தம்மா டம்ளரில் கொண்டுவந்த பருப்பைக் கஞ்சிப் பானையில் கொட்டுவார். அதன் பிறகுதான் பேழைக் கஞ்சி மனுஷர் குடிக்கிற மாதிரி ஆனது.

அம்மா போனது ஒரே நாள் காய்ச்சலில். அந்த வேளைக்கு என்று அவள் பேழையில் எதுவும் வைத்திருக்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வந்து அப்பாவும் நானும் இருண்ட வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அடுப்பு மூட்டவில்லை, பசி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ரத்னம்மா ஒரு பெரிய குண்டானைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நடு வீட்டில் வைத்தார். சுடச்சுடப் பருப்புச் சாறும் சோறும்.

"மேரியம்மன மனேலி பேளெ இரல்ல, நங்கொத்து" என்றார். மேரியம்மா வீட்டில் பருப்பு இருக்காது, எனக்குத் தெரியும்.

அப்பா அன்றைக்கு அழுததும் அப்போதுதான், சாப்பிட்டதும் அப்போதுதான்.

அந்தச் சந்து இப்போது இல்லை. இரண்டு பக்க வீடுகளையும் இடித்துத் துணிக்கடை கட்டிவிட்டார்கள், சாக்கடைக்கு மேல் பலகைக்கல் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சவிதா கடைசிக் காலத்தில் தன் அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டாள். கூடையில் வந்த அந்தக் குழந்தைதான் ரத்னம்மாவுக்குக் கொள்ளி வைத்தானாம்.

கதை முடிந்ததும் ரீனா பருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "அப்ப இதப் பெட்டிக்குள்ள வெச்சுடவா?" என்றாள். வைடி என்றேன். பெட்டியை இரண்டு பங்காகவே அடுக்கினோம். மேலே பருப்பு டப்பாவையும் வைத்து மூடியைச் சாத்தப் போன நான் கையை எடுத்துவிட்டேன். வாசலைப் பார்த்தேன். பேழையில் முதன்முதலாகப் பருப்பு இருக்கிறது. பேளெ எல்லி என்று கேட்கத்தான் யாருமில்லை.