கொள்ளு வாளிக்குத் திரும்பாத குதிரை

தகர டின்னைக் குதிரைக்குப் பின்னால் பிடித்து, கம்பால் நாலு அறை அறைவாள் இருசம்மாள். துள்ளினால் "அடுத்ததக் காட்டு" என்று நகர்ந்துவிடுவாள். பல்லைப் பிடித்து வயசு பார்ப்பது, சுழி பார்ப்பது எல்லாம் அதற்கப்புறம்தான். கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை வேட்டுக்கும் பேண்டுக்கும் மிரளக் கூடாதே.

எங்கள் சின்னம்மாவின் மூத்த பிள்ளைக்குக் கடைசி மகள் இவள். எனக்கும் மகள் முறைதான். புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் வீடு. ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் இரண்டு மூன்று வாங்கி வருவாள். ஆவணி முகூர்த்தத்துக்குள் விற்றுவிடுவாள். அவள் புருஷன் உத்திராபதி இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். சாதுக் குதிரை என்று எவனோ தலையில் கட்டியது விட்ட உதை. அன்றிலிருந்து குறையைச் சொல்லாமல் இவள் ஒரு குதிரையின் கயிற்றையும் கை மாற்றியதில்லை.

இரண்டாயிரத்து எட்டில் பார்த்த வெள்ளைப் பெட்டைக் குதிரை, டின் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்கவில்லை. "தங்கம்டி நீ" என்று பூரித்துப்போய் வாங்கி வந்தாள். மூணாம் நாள் பின்னாலிருந்து கொள்ளு வாளியை ஆட்டினாள். அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத குதிரை உண்டா? இது திரும்பவில்லை. போய்த் தொட்டாள். விட்டது ஒரு உதை. வாளி வேலிக்கு அந்தாண்டை விழுந்தது.

"செவுடு மாமா. என் டின்னே என்ன ஏமாத்திடுச்சு" என்றாள் புருஷனிடம்.

அதோடு வாங்கி வந்த மற்ற இரண்டும் விற்றுப்போய், வெள்ளை மட்டும் நின்றது. அது விற்றுக் காசு வந்தால்தான் அடுத்த ஆடிச் சந்தைக்கு அவளால் கிளம்ப முடியும். அப்போதுதான் ஜெயப்பிரகாஷ் வந்தான். சிதம்பரத்தில் ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பக்கத்தில் ஒரு சரவெடி கொளுத்திப் பார்த்தான். குதிரை பாட்டுக்குப் புல்லை மென்றது.

"யக்கா, இதத்தான் தேடிக்கினு இருந்தேன்!"

"காது கேக்காது தம்பி, அதான் நிக்குது. பின்னால வந்தா ஒதைக்கும்."

"செவுடா? இன்னும் நல்லதாப் போச்சு. மாப்ளய விட ஒழுங்கா நிக்கும்!"

உத்திராபதி சிரித்துவிட்டான். இவள் சிரிக்கவில்லை.

"ஊர்வலத்துல புள்ளைங்க வாலப் புடிச்சு இழுக்கும். நீதான் தடுக்கணும். மொதல்ல நீ கத்துக்க. கண்ணுக்கு நேரா வா, கழுத்துல கைய வை, அப்புறம் கயித்தத் தொடு."

பத்துத் தடவை நடக்கவிட்டாள். அவனும் வேர்த்து வழிய நடந்தான்.

"போதும்க்கா, வேன் நிக்குது." முன்பணத்தை அவள் கையில் திணித்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போனான். குறுக்கு வழியென்று வால் பக்கமாகவே போனான்.

இருசம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பணத்தை அவன் பையிலேயே செருகினாள். பிறகு நிதானமாகச் சுற்றிக்கொண்டு குதிரையின் கண்ணுக்கு நேராக வந்தாள். கழுத்தில் கை வைத்தாள். தென்னையில் கட்டியிருந்த கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.