கண்ணாடி மூக்கு

ஒரு மனிதரின் நினைவை நான் பொய்யாக்கினேன். தெரிந்தேதான் செய்தேன்.

பிள்ளைகளே, இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஆனாலும் நீங்கள் அறிய வேண்டும்.

திருவொற்றியூர் வார்ப்படப் பட்டறையில் நான் பேட்டர்ன் செய்கிறவன். இரும்பை உருக்கி ஊற்றும் முன்பு, அதே உருவத்தைத் தேக்கில் செதுக்கித் தருவது என் வேலை. எங்களுக்கு டிராயிங்தான் எல்லாம். ஃபிட்டர் ஒன்று சொல்வான், சூப்பர்வைசர் ஒன்று சொல்வார். எதையும் காதில் வாங்கக் கூடாது. தாளில் இருப்பதே மெய். இருபது வருடமாக அப்படியே பழகிவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்று என்று நினைக்கிறேன். கல்மண்டபத்திலிருந்து குமார் என்பவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தகப்பனார் ஏகாம்பரத்துக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகப் போர் சமயத்தில், பத்தொன்பது வயதில், வெள்ளைக்காரர்களின் குண்டுவீச்சு விமானங்களைத் துடைக்கும் கூலியாக இருந்தவர். தினமும் தனியாக நடந்து மீன்பிடித் துறைமுகம் வரை போய்வருவார். அந்த மாதம் இரண்டு முறை வழி தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டாராம். இனி வீட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று மகன் சொல்ல, பெரியவர் மல்லுக்கு நின்றிருக்கிறார்.

"அந்த பிளேனு எப்டி இருந்துச்சுனு சொல்றேன், எய்திக்கோ. பொம்மை ஒண்ணு செய்யச் சொல்லு. நான் சொன்னதோட ஒத்துப் போச்சுன்னா என்னைப் பூட்டக் கூடாது. ஒத்துப் போவலைன்னா பூட்டிக்கோ, போ!"

குமார் அந்த விமானத்தின் படம் இருந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "மாஸ்டர், இதைப் பாத்து செய்ங்க. நைனா இன்னா சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க."

எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, பாருங்கள். என் உளி ஓடும் பக்கம்தான் பெரியவரின் கதவு திறக்கும், மூடும்!

பெரியவர் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். பஸ் பிடித்து, விசாரித்து, தனியாக!

"கண்ணு, மூக்கை மட்டும் பாத்து செய். மூக்கு பூரா கண்ணாடி. டெய்லி தொடைப்பேன். என் மூஞ்சி அதுல தெரியும்."

"டிராயிங்ல அப்டி இல்லியே பெரியவரே. மூக்குல துப்பாக்கிக் கூண்டுதானே கீது?"

"டிராயிங்கு போட்டவன் தொடைச்சானா?"

பட்டறையே சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. அந்தக் கோபத்தோடுதான் கூண்டைச் செதுக்கினேன். இரண்டு குழல், சுழலும் தலை, மேலே பச்சையும் மண் நிறமும் பூச்சு. என் வேலையில் அதுபோல் அழகாக ஒன்று அமைந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. புத்தகத்தை மூடப் போனபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உளி நுனியால் மெல்லப் பிரித்தேன்.

அதே விமானம். அதே நாலு இன்ஜின். அதே இரட்டை வால். ஆனால் மூக்கு... மூக்கு முழுவதும் கண்ணாடி!

என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் கட்டியவை கண்ணாடி மூக்கு. கூண்டு வைத்தவை பிறகு வந்தவை. பெரியவர் துடைத்தது முதல் வகை.

மறுநாள் பொம்மையை ஒத்துப் பார்க்க அவர் வீட்டில் கூடுகிறார்கள். மூக்கை மாற்ற நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மாற்ற வேண்டிய தேவையே இல்லையே! "தாள் ஒட்டியிருந்தது, பெரியவர் சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை போதுமே! அதற்கா பயந்தேன்? என் பேட்டர்ன் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பியதில்லை என்ற அந்தப் பெயருக்காகவா? பட்டறையின் சிரிப்புக்காகவா?

மரப்பசையைத் தொட்டு, பிரித்த தாள்களை மறுபடி ஒட்டினேன்.

ஆமாம். ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்து குமார் வாசித்தார். "இன்ஜின் நாலு." "நான் சொன்னாப்ல கீதா, இல்லியா?" என்று பெரியவர் மார்தட்டினார். "வாலு ரெண்டு." "கீதா, இல்லியா?" சிரிப்பு. பிறகு மூக்கு.

பெரியவர் கூண்டைத் தொட்டுப் பார்த்தார். "இது இன்னாது? இது இல்லியே... தப்பு."

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க," என்றார் குமார்.

"பொஸ்தகத்துல இப்டித்தான் கீது."

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நல்லா பாத்தியா கண்ணு?"

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. பயம் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு புத்தகம் இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை.

"நல்லா பாத்தேன்."

"அப்போ... நான் தொடைச்சது இன்னாது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்துவிட்டார்களாம்.

நீங்கள் என்னிடம் எதையாவது கேட்டு, "நல்லா தெரியுமாப்பா?" என்று என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நடுங்குகிறது. எவ்வளவு லேசாக நம்பிவிடுகிறீர்கள்!

எட்டு மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். குமார் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே விட்டார். விமானம் டிவி மேல் இருந்தது. பெரியவர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு! இந்தக் கூண்டு கீதே, இதுக்கு டெய்லி நான்தான் எண்ணெய் விடுவேன். இப்டி சொயட்டி சொயட்டிப் பாப்பேன்."

"பெரியவரே... கண்ணாடின்னு சொன்னீங்களே? மூஞ்சி தெரியும்னு..."

"கண்ணாடியா?" அவர் சிரித்தார். "கண்ணாடி எங்க இருந்துச்சு? நீ மட்டும் சொல்லலைன்னா, இன்னும் தப்பாவே நெனச்சிகினு இருந்திருப்பேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மறக்கவில்லை, பிள்ளைகளே... இருந்ததை நான் எடுத்துவிட்டு, என்னுடையதை வைத்துவிட்டேன்! வாயைத் திறந்தேன். கொடுத்த டீயைக் குடித்தேன்.

எழுந்தபோது உள்ளே அடுப்படியிலிருந்து குமாரின் குரல் கேட்டது: "மாஸ்டர், போறப்போ அந்தத் தாப்பாளைப் போட்டுட்டுப் போங்க!"

போட்டேன். என் கையாலேயே போட்டேன்.