தனபால் தகடு எந்தப் பக்கம்?

நீர்மூழ்கியில் வேலை பார்த்தவனுக்கு, ஏறி இறங்கும் மூடிக்குக் கீழே எத்தனை தலை என்ற கணக்கு தப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவர்கள், கல்யாண பஸ்ஸில் ஏறி இறங்கித் தலை எண்ணியவர்கள், பரீட்சை ஹாலில் விடைத்தாள் எண்ணியவர்கள், எல்லோரும் என் கட்சி. எண்ணச் சொன்னவர் ஹாயாகப் போய்விடுவார். எண்ணினவன்தான் திட்டு வாங்குவான்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பதினைந்து வருஷம் நீர்மூழ்கியில் பேட்டரி பார்த்தேன். ஒவ்வொரு செல்லுக்கும் நம்பர் உண்டு. ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு குழாய் கம்பெனியில் டைம் கீப்பர், ஆள் வந்த நேரம் போன நேரம் எழுதுகிற வேலை. திருவள்ளூர் முதல் ஆரம்பாக்கம் வரை தேடியதில் எங்களைப் போல நீர்மூழ்கியில் இருந்தவர்கள் பதினான்கு பேர் கிடைத்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சங்கம் வைத்தோம். எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் பேர் பொறித்த ஒரே ஒரு பித்தளைத் தகடு எட்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தனபாலின் தகடு. அது பலகையில் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

டீக்கு முன்னால் தகடு

எங்கள் கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூசுப் பாயின் ஜெனரேட்டர் ரிப்பேர் கடைக்கு மேலே உள்ள அறையில் நடக்கும். பாய் பழவேற்காட்டுக்காரர், எங்கள் போட்டில், அதாவது நீர்மூழ்கியில், இன்ஜின் பார்த்தவர். அவர்தான் பழைய பித்தளைத் தகட்டை வெட்டி, பதினான்கு வில்லை செய்து, பேரும் நம்பரும் பொறித்துக் கொடுத்தார். மரப்பலகையில் இடது பக்கம் ‘கரை’ என்றும் வலது பக்கம் ‘உள்ளே’ என்றும் எழுதி ஆணி அடித்தேன். போட்டில் இருந்த அதே வழக்கம். உள்ளே இறங்குகிறவன் தன் தகட்டை வலது பக்கம் மாட்டிவிட்டு இறங்குவான். வெளியே வந்தால் இடது பக்கம். தன் தகட்டைத் தானே மாட்ட வேண்டும். அடுத்தவன் கை படக் கூடாது. நண்பனுக்கு உதவி என்று ஒருவன் மாட்டப் போக, மேலே ஆள் நிற்கும்போதே போட் முழுகினால் என்ன ஆவது?

முதல் கூட்டத்துக்குச் சாமுவேல் இரண்டு கையிலும் டீ கேனும் போண்டாத் தூக்கும் கொண்டு வந்தான். போட்டில் சமையல்காரன்; இப்போது தொழிற்பேட்டையில் கேன்டீன் வைத்திருக்கிறான். கேனை மேசையில் வைத்து நேராக டீ ஊற்றப் போனான். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பலகையைக் கையால் காட்டினேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்த் தகட்டை மாட்டினான்.

“இன்னா நைனா, பாயோட மாடி இன்னா முழுவவா போவுது? டீ ஆறிப்போவுதுபா!”

பார்த்தவர் இல்லை, கேட்டவர்

குடியரசு தினத்துக்கு ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் தனபாலும் போனோம். தனபால் ஆரம்பாக்கத்துக்காரன். போட்டில் சோனார், காதில் கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்டு, வருவது என்ன கப்பல் என்று சொல்லும் வேலை. சட்டையில் டால்ஃபின் பேட்ஜ் குத்தியிருந்தோம். அந்த பேட்ஜுக்காகப் போட்டின் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் இருட்டில் தடவியே சொல்லிப் பாஸானவர்கள் நாங்கள்.

தலைமையாசிரியை, “கடலுக்கு அடியில என்னெல்லாம் பாத்தீங்க?” என்று என்னிடம் மைக்கை நீட்டினார். பேட்டரி செல் பார்த்தேன் என்று சொல்ல வந்தவன், மைக்கைத் தனபால் பக்கம் தள்ளிவிட்டேன். தனபால் மைக்கை வாங்கினான். “ஒண்ணுமே பாக்கலம்மா. ஜன்னலே கெடையாது. கேட்டுகினு இருந்தோம்” என்றான். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னான். ஒரு விரலைத் தூக்கினான். “சரக்கு வண்டி. சூலூர்பேட்டை பக்கத்திலேர்ந்து வருது. ரெண்டு இன்ஜின்” என்றான். யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று எண்ணியபோதுதான் மற்றவர்களுக்குச் சத்தம் கேட்டது. பள்ளிக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி வந்தது. இரண்டு இன்ஜின். அந்தக் கைதட்டலில் பாதி எனக்கும் சேரும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார்.

“சார், அடுத்த வருசமும் இவரைக் கூட்டிக்கினு வாங்க. நீங்க பேசலன்னாலும் பரவால்ல, பக்கத்துல உக்காந்துக்குங்க.”

ஒரு தகடு கூடுதல்

அந்த வருஷம் ஏப்ரல் மாதக் கூட்டத்தில், பாதியிலேயே தனபால் எழுந்தான். “ஒரு மாதிரியா கீது, கெளம்பறேன்” என்றான். பாய் தன் வண்டியில் ஸ்டேஷனில் விட்டு வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தகட்டைக் கரைக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். கதவைப் பூட்டும் முன்னால் எண்ணினேன். கரையில் பதின்மூன்று. உள்ளே ஒன்று. ஒன்பதாம் நம்பர், தனபால்.

அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், எண்ணினவர்களுக்குத் தெரியும். தகட்டை எடுத்து இடது பக்கம் மாட்ட ஒரு நொடி வேலை. கை போகவில்லை. பாயின் கடைப் போனிலிருந்து அவன் வீட்டுக்குப் பேசினேன். அவன் மனைவி சுலோசனா எடுத்து, இப்போதுதான் வந்து படுத்தார் என்று சொல்லி அவனிடம் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் தனபால் ‘ச்சு’ கொட்டிய சத்தம் கேட்டது. பதினைந்து வருஷத்தில் அவன் ஒரு தடவையும் செய்யாத தப்பு.

“கோவிந்து, யாரும் அதைத் தொடாதீங்கபா. அடுத்த கூட்டத்துக்கு நானே வந்து கரையில மாட்டறேன்.”

பதின்மூன்று வெள்ளைச் சட்டை

ஒன்பதாம் நாள் தனபால் போய்விட்டான். மாரடைப்பு. பதின்மூன்று பேரும் வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு ஆரம்பாக்கத்தில் இறங்கினோம். ஓய்வுக்குப் பிறகு அவன் ஒரு எடைமேடையில் லாரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். தெருவில் பலருக்கு அதுதான் தெரியும். நாங்கள் இரண்டு வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தபோது தெரு அப்படியே அமைதியானது. ஆறு ஆறு பேராக முறை மாற்றித் தூக்கினோம். முறையை எண்ணிச் சொல்ல ஒருவன் வேண்டும், அது நான்.

தகட்டை என்ன செய்வது என்ற பேச்சு அடுத்த கூட்டத்தில் வந்தது. அவனே வந்து மாற்றுவதாகச் சொன்ன தகடு. மற்றவன் கை படக் கூடாது. “அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கறதுதான் அவனுக்குப் பெருமை” என்றார் பாய். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. இனி நம்மில் யார் போனாலும் தகடு உள்ளேதான் என்று தீர்மானமே போட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் தலையைவிடத் தகடு ஒன்று அதிகம். என் நோட்டில் மாதா மாதம் அப்படியே எழுதினேன். எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும்.

தீர்மானத்தைச் சொல்ல நானும் சாமுவேலும் சுலோசனா வீட்டுக்குப் போனோம். மரியாதை செய்த விஷயம் என்பதால் கூச்சத்தை விட்டு நானே சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ளயாண்ணா வெச்சிருக்கீங்க?”

சிவப்பு பல்பு

வருஷக் கடைசியில் எங்கள் நீர்மூழ்கி நாட்களுக்கு ஒரு நினைவு நாள். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு சிவப்பு பல்பு மட்டும் போடுவோம். ராத்திரியில் போட்டுக்குள் அந்த வெளிச்சம்தான் இருக்கும். நான் நம்பர் வரிசையில் பேர் வாசிப்பேன். ஒவ்வொருவரும் “உள்ளே” என்று பதில் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் முதல் தடவையாக வீட்டுப் பெண்களையும் அழைத்திருந்தோம். நாங்கள் பதின்மூன்று பேரும் வந்திருந்தோம். சுலோசனாவும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நம்பர் வந்தது. “தனபால்” என்றேன். பேசி வைத்தபடி பாய் அவனுக்காக “உள்ளே” என்றார். உடனே பின்னாலிருந்து, “இல்லண்ணா” என்று ஒரு குரல். சுலோசனா எழுந்து நின்றாள்.

“அவரு உள்ள போனா லெட்டரு வராது, எங்க கீறாருன்னும் தெரியாது. அவரு கடலுக்குப் போன நாள்லேர்ந்து காலண்டரு தாளை நான் கிழிக்க மாட்டேன், யாரையும் தொட வுட மாட்டேன். அவரு வந்து, தன் கையால மொத்தமா கிழிப்பாரு. ஒரு வாட்டி அம்பத்து மூணு தாளு. அதைக் கிழிச்சாத்தான் எனக்கு அவரு ஊட்டுக்கு வந்த மாதிரி. இப்ப நீங்க மறுபடியும் உள்ள வெச்சிருக்கிறோம்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்க. எட்டு மாசமா என்னால தாளு கிழிக்க முடியல.”

சிவப்பு வெளிச்சத்தில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

“உள்ள இருந்ததை எண்ணி எண்ணிப் பெருமைப்படுறீங்க, படுங்க. எங்கூட பத்தொம்பது வருசம் கரையில இருந்தாரு. அதையும் எண்ணுங்கண்ணா.”

யார் கை

யாரோ டியூப்லைட்டைப் போட்டார்கள். சாமுவேல்தான் முதலில் பேசினான். “கரைக்கு மாத்திட்டா நம்ம ஆளு இல்லன்ற மாதிரி ஆயிடும்மா” என்றான். அவள் விடவில்லை. “நீங்கல்லாம் ஊட்டுக்குப் போவசொல்ல எந்தப் பக்கம் மாட்டிட்டுப் போறீங்க? அப்ப நீங்க யாரு ஆளுண்ணா?” என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகை என் பொறுப்பு. தன் தகட்டைத் தானே என்ற விதியை எழுதியதும் நான். தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம். ஆனால் யார் மாற்றுவது? நான் தொட்டால் விதி போச்சு. தொடாமல் விட்டால் அந்த அம்மாள் வீட்டுக் காலண்டரில் ஏப்ரல் தேதித் தாளே தொங்கும். அவன் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. தகட்டைக் கரையில் மாட்டுவதாகத்தான் சொன்னான். உள்ளே வையுங்கள் என்று அவன் சொல்லவே இல்லை. பெருமை என்று நாங்களாகவே முடிவு செய்திருக்கிறோம்.

நான் எழுந்தேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். “அம்மா, அவன் வர்ற வரைக்கும் அந்தத் தாளை வேற கை படாமப் பாத்துக்கிட்டவங்க நீங்க. இந்தப் பலகை விதியை எங்களைவிட ஒழுங்காக் காப்பாத்தினது நீங்கதான். அவனுக்காகத் தொடறதா இருந்தா அது உங்க கைதான்” என்றேன். பலகைக்கு அருகில் போய் ஒதுங்கி நின்றேன். அவள் வந்தாள். தகட்டை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, இடது பக்கம் ஒன்பதாம் ஆணியில் மாட்டினாள். பதின்மூன்று பேரும் விறைப்பாக நின்றோம். போட்டில் அறிக்கை கொடுக்கும் குரலில் சொன்னேன்: “உள்ளே தகடு பதின்மூன்று, ஆள் பதின்மூன்று. கரையில் ஒன்று. கணக்கு சரி.” எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் நோட்டில் தயங்காமல் எழுதினேன். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவராகத் தங்கள் தகட்டைக் கரையில் மாட்டினார்கள். பதினான்கும் ஒரே பக்கம் சேர்ந்தன. ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் அந்த வரிசையில் ஓர் ஆணிகூடக் காலியாக இல்லை. கடைசியாக இறங்கிய யூசுப் பாய், மனைவி கீழே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார்.

“கோவிந்து, நான் போனா என் பீவிக்கு இந்த விதியைச் சொல்லிடாதபா. அவ மறுநாளே வந்து என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டுடுவா!”

பதினைந்து வருஷம் மூடிக்குக் கீழே இருந்தவர்களை ஒன்று விடாமல் எண்ணிய எனக்கு, மேலே கரையில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கணக்கில் விட்டுப்போனது தெரியவே இத்தனை காலம் பிடித்தது, இதில் டைம் கீப்பர் என்று பேர் வேறு.