அடியில் வைத்த விண்ணப்பம்

அந்த உயர்நிலைப் பள்ளியில் அவளை எல்லோரும் ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவர்கள் ஆரம்பித்து வைத்தது ஆசிரியர்களுக்குத் தொற்றி, கடைசியில் தலைமையாசிரியரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். இருபத்தெட்டு வருடமாக அங்கே அலுவலக எழுத்தர். மாற்றுச் சான்றிதழ் வேண்டுமா, பிறந்த தேதியில் திருத்தமா, தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு நகலா, அக்காவிடம் போ என்பார்கள். காரியம் முடிந்த பிறகு அக்காவிடம் ஒருவரும் போவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஆசிரியர்கள் அறைக்கு அவளை வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. காவலாளியும் துப்புரவுப் பெண்களும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போனால், கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். இரண்டுங்கெட்டான் நிலை. அதனால் பதிவேடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடிப்பாள்.

கல்யாணம் கூடிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது பத்து வயது இளைய தம்பி ஒருவன்தான். வேறு ஊரில் பிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்து, மனைவி, மகள் என்று இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, மழை பெய்யுதா. பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள்.

நாற்பத்தாறாவது வயதில் அவள் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமை வகுப்புகள். கல்வியைப் பற்றியே படிக்கிற படிப்பு. பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது, அங்கே யார் தேறுகிறார்கள், யார் கழித்துவிடப்படுகிறார்கள், அதை முடிவு செய்வது யார் என்று துருவித் துருவிக் கேட்கிற படிப்பு. இதை யாருக்கும் புரியவைக்க அவளால் முடியவில்லை.

"அப்ப படிச்சு முடிச்சா டீச்சரா?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"இல்ல சார். இது டீச்சர் டிரெயினிங் இல்ல."

"பின்ன?"

"பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு ஆராயுறது சார்."

"அது தெரியாமலா இத்தனை வருஷமா நடத்திட்டிருக்கோம்?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓட்டல் நடத்துபவரிடம் போய், மனிதருக்கு ஏன் பசிக்கிறது என்று படிக்கிறேன் என்றால் அவரும் சிரிக்கத்தான் செய்வார்.

கல்லூரியிலும் துணை கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். ஆன்ட்டி, நோட்ஸ் குடுங்க ஆன்ட்டி என்பார்கள். வாங்கிக்கொண்டு கும்பலாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு முறை அவளும் பின்னாலேயே போனாள். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள்தான் இருந்தன. பிள்ளைகள் ஐந்து பேர்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். விரிவுரையாளர் அம்மா சொன்னார், "உங்களுக்கு ரொம்பப் பழகிப்போன ஒரு வழக்கத்தை எடுங்க. இப்பதான் முதல்தடவை பாக்குற மாதிரி பாருங்க." அக்காவுக்கு யோசிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. ஆறாம் வகுப்பில் பிரிவு பிரிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளியில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. சேர்க்கை விண்ணப்பங்கள் வந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். முதல் நாற்பது ஏ பிரிவு, அடுத்த நாற்பது பி, மிச்சம் மீதியெல்லாம் சி. தேர்வு கிடையாது, ஒன்றும் கிடையாது. எழுத்தர் தன் வசதிக்காகச் செய்தது. ஆனால் ஜூன் மாதம் தாண்டினால் அது யாருக்கும் நினைவிருக்காது. ஏ என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள், சி என்றால் மக்குகள். மூத்த ஆசிரியர்கள் ஏ பிரிவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பாதி நாள் விடுப்பில் போகிறவர் சி பிரிவுக்கு வருவார். மூன்று வருடத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்துவிடும். பிறகென்ன, பார்த்தீர்களா, சி பிரிவு சி பிரிவுதான் என்பார்கள்.

அவள் பழைய பதிவேடுகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்த அதே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் சொன்னான், "பாப்பாவை பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருக்கேன்க்கா."

"ஏன்டா? பாஸ் பண்ணிட்டாளே."

"ஏதோ ஒப்பேத்திட்டா. தெரு முனையில செல்போன் கடையில ஆள் கேக்குறாங்க. மேல படிச்சு என்ன செய்யப் போறா? என் பொண்ணுதானே. எனக்கே மண்டையில ஏறல. சி செக்‌ஷன் ரத்தம்க்கா."

அவன் சிரித்தான். எப்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பான்.

மறுநாள் அவள், தம்பி இதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சி பிரிவில் நாற்பத்தொரு பெயர்கள், எல்லாம் அவள் கையெழுத்தில். நாற்பத்தொன்றாவது பெயர் தம்பியுடையது. ஐந்தாம் வகுப்பில் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தாள். சேர்ந்த நூற்று இருபத்தொரு பேரில் அவன் ஏழாவதாக இருந்தான்.

அப்போதுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. தம்பியின் விண்ணப்பம் முதல் நாளே வந்துவிட்டது. அவள் அப்போது தற்காலிக ஊழியர். சொந்தத் தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளை நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே என்று, மேலே இருந்த தாளை உருவி அடுக்கின் அடியில் வைத்தாள். அதை நேர்மை என்று நினைத்தாள். இருபத்தெட்டு வருடமாக மனதுக்குள் அதற்காகக் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறாள். பிறகு வீட்டில் அவன் மதிப்பெண் குறையக் குறைய, அம்மாவோடு சேர்ந்து அவளும்தான் சொன்னாள், அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது. பதிவேட்டை மூடிவிட்டு அலுவலகக் கதவைச் சாத்தி, அவள் வாய்விட்டு அழுதாள். கேட்க ஆள் இல்லாததால் அடக்கவும் வேண்டியிருக்கவில்லை.

கட்டுரையை வகுப்பில் படித்தபோது விரிவுரையாளர் அம்மா கேட்டார், "ரொம்ப நல்லா இருக்கு. அந்த முதல் வருஷப் பட்டியலைப் போட்டது யாரு?"

"அப்ப இருந்த கிளார்க், மேடம்."

"அவங்ககிட்ட பேச முடியுமா? ஒரு பேட்டி மாதிரி."

"முடியாது மேடம். இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியல."

பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்று வருடத்தில் அவளுக்காக அவர்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். சொன்னால் பாப்பா படிப்பாள், ஆனால் தம்பி என்ன ஆவான் என்று தெரியாது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் வரும், பாப்பா செல்போன் கடைக்குப் போவாள். பள்ளிச் சேர்க்கை முடிய எட்டு நாள்தான் இருந்தது. இதை யாரிடமாவது கேட்கலாம் என்றால், அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவன்தான். அடுத்த ஞாயிறு போனுக்குக் காத்திராமல் முதல் பேருந்தில் ஏறிவிட்டாள்.

தம்பி கடையில் ஒரு பிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "என்னக்கா திடீர்னு? வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்துட்ட?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விண்ணப்பம், அடுக்கு, ஏழாவது இடம், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவன் திருகாணிகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டே இருந்தான்.

"ஏழாவதா?" என்றான்.

"ஆமாடா."

"எனக்கு வராது, அதான் வரலன்னு நெனச்சு நிம்மதியா இருந்துட்டேன்க்கா. கடை, வீடுன்னு இருந்துட்டேன். யார் மேலயும் எனக்குக் கோவமே இருந்ததில்ல." கையைத் துணியில் துடைத்தான். "இனிமே நான் என்ன செய்யணும்? முப்பத்தொன்பது வயசுல இத வச்சு என்ன பண்றது?"

"பாப்பாவைப் படிக்க வைடா."

"கெளம்பு. அடுத்த பஸ் பன்னண்டரைக்கு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் சொன்னான். வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. அவள் பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு மறுவாரமும் வரவில்லை. அவள் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்தது. கட்டுரையில் அந்த இடத்தைத் திருத்தி, பட்டியலைப் போட்ட எழுத்தர் நான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். விரிவுரையாளர் அம்மா அதைப் படித்துவிட்டுத் தாளை மூடி வைத்தார். பிறகு, "வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றாள் அக்கா.

நான்காவது ஞாயிறு பத்து மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் தம்பி மனைவி.

"அண்ணி, பாப்பாவைப் பதினொண்ணாவதுல சேத்தாச்சு. அவரே கூட்டிட்டுப் போனார். விடியறதுக்கு முன்னாடியே போய் ஸ்கூல் கேட்டுல நின்னுட்டாரு."

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்காரு. பேச மாட்டாராம். ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"என்ன?"

"அந்த வருஷம் சி செக்‌ஷன்ல இருந்த மத்த நாப்பது பேருக்கும் சொல்லிட்டீங்களான்னு."

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் தம்பி காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றாள்.