முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் ஏற்காத போன்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போவேன், விழுந்து கும்பிடுவேன், அதோடு சரி. மற்றபடி நான் போன் கடைக்காரி. மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி உப்புக்குளத்தில் கடை போட்டவள். ஒரு போன் ஒரு மெமரி கார்டை ஏற்கும், இல்லை ஏற்காது, நடுவில் மூன்றாவது ஒன்று கிடையாது என்று வருகிறவர்களோடு சண்டை பிடித்தே பெயர் எடுத்தவள். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபிக்க மாட்டேன், என் கணவரே சிரித்தவர்தான்.

சோளகக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு மத்தியானம், கடை வாசலில் கழுதை ஒன்று நின்று கார்ட்போர்ட் பெட்டியைச் சவைத்துக்கொண்டிருந்தது, அதை விரட்ட எழும்பினேன், அப்போதுதான் பேசாலை ஊர்ச் சூசை அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடல் தொழில் செய்கிறவர். மனைவி மெற்றில்டா பிள்ளையைப் பெற்றெடுத்த அன்றே போய்விட்டாள், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைதான் ஜெனிற்றா. அடுத்த ஞாயிறு அவளுக்குப் புது நன்மை, கோயிலில் முதல்முதல் நற்கருணை வாங்கும் நாள்.

"தங்கச்சி, வலை இழுக்கேக்க போன் கடலுக்குள்ள போயிட்டுது" என்றார். "ஆனா கார்ட் தப்பிட்டுது. நான் கடலுக்குப் போகேக்க கார்டைக் கழட்டி வீட்டில இருக்கிற மாதா சுருவத்துக்குக் கீழ வைச்சிட்டுத்தான் போறனான்."

கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய பெரிய கார்ட், இருநூற்று ஐம்பத்தாறு ஜிபி. அதில் மெற்றில்டா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது பாடிப் பதிந்த ஒரு தாலாட்டு இருந்தது. அவளுடைய சத்தம் என்று உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். மகளுக்கு இதுவரை போட்டுக் காட்டவில்லையாம், அவள் முன்னால் போட அவருக்கு நெஞ்சு தாங்காதாம். புது நன்மை அன்றைக்கு அம்மாவின் குரலைக் கேட்கலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஃபோர்மற் பண்ணவா என்று கேட்டது. கையில் கிடைத்த போன்களில் எல்லாம் போட்டேன், எல்லாம் அதையே கேட்டன.

"அண்ணன், இந்தக் கார்டை முதல்முதல் போடேக்க போன் ஏதோ கேட்டிருக்குமே?"

"ஓம், இடம் காணாது எண்டு சொல்லிக்கொண்டே இருந்தது. கார்டையும் போனின்ர இடமாச் சேர்க்கவோ எண்டு கேட்டது. நான் ஓம் குடுத்தனான்."

முடிந்தது கதை. அப்படிக் கொடுத்தால் கார்டுக்குப் பூட்டு விழுந்துவிடும், திறப்பு அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கும். போன் கடலுக்கு அடியில். பத்திரம் என்று அவர் கழற்றி வைத்ததெல்லாம் வெறும் பிளாஸ்ரிக் துண்டை. இதை ஒரு மனுஷனுக்கு, அதுவும் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் நம்பவில்லை.

"இன்னொரு போனில ஒருக்காப் போட்டுப் பாருங்கோ தங்கச்சி."

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. கடைசியில், விற்க வைத்திருந்த ஒரு சின்ன பட்டன் போனைப் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்தேன். முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் அது தொடாது, பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. இதிலும் வராது என்று காட்டி அவரை அனுப்பிவிடலாம் என்றுதான் போட்டேன், சத்தியமாக வேறொரு எண்ணமும் இல்லை.

போட்டு ஒன் பண்ணினேன், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, காற்றாடி நின்றது. போனின் சின்னத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. பிழை என்று ஒன்றும் வரவில்லை. பாட்டுகளுக்கான இடத்தைத் திறந்தால் ஒரே ஒரு ஃபைல், பெயர் இல்லாமல். அதை அமத்திப் பாட விட்டேன்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், பக்கத்து அறையில் நின்று கூப்பிடுவதுபோல, "ஜெனிற்றா" என்றது.

அதோடு நின்றுவிட்டது. ஃபைல் முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனைத் தூக்கினேன், ஃபைல் முடியவில்லை, இரைச்சல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் தாலாட்டுத் தொடங்கியது.

நண்டும் சிப்பியும் வருகிற ஏதோ ஒரு பாட்டு, நடுவில் ஒரு இருமல். பாட்டு முடிந்ததும் பிள்ளை சந்தோஷமாகத் தகப்பனைப் பார்த்தாள். அவரோ பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, இதில பேர் இல்லை" என்றார். "பாட்டு மட்டும்தான். நான் எத்தினை தரம் கேட்டிருப்பன். பிள்ளை பொம்பிளைப் பிள்ளையோ எண்டே அவளுக்குத் தெரியாது. பேரை நான் ஞானஸ்நானத்துக்கு முதல் நாள்தானே வைச்சனான்."

இரண்டாம் தரம் போட்டேன். கார்ட் பொருந்தவில்லை என்று வந்தது. மூன்றாம் தரமும் அதேதான். அதே அளவில் வேறு கார்ட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அந்தப் போன் தொடவே இல்லை. போனுக்குள் முதலே ஏதாவது பதிந்து கிடந்திருக்கும் என்றார் என் கணவர். பெட்டி பிரிக்காத போனுக்குள் பேசாலைப் பிள்ளையின் பெயரை ஆர் பதிந்து வைத்தது என்று கேட்டேன், அவர் சிரித்தார்.

அன்றைக்கே போனைச் சும்மாவே தருகிறேன், கொண்டுபோங்கள் என்று சூசை அண்ணனிடம் சொன்னேன். கார்டை மட்டும் எடுத்தார். "போன் வேண்டாம் தங்கச்சி. வீட்டில வைச்சா நான் வேலைக்குப் போகமாட்டன், அதுக்கு முன்னாலயே இருப்பன்." எனக்கும் அதை விற்க மனம் வரவில்லை. பற்றரியைக் கழற்றித் தனியாக அலுமாரியில் வைத்தேன், போனை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போட்டேன்.

போன கிழமை போனுக்குக் காசு ரீலோட் போட இரண்டு பேரும் வந்தார்கள். நல்ல வெயில், கரண்ட் இருந்தது, காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. நான் நம்பரை அடித்துக்கொண்டிருந்தேன். ஜெனிற்றா லாச்சிப் பக்கம் திரும்பி, சமையலறையில் இருந்து யாரோ கூப்பிட்டதற்குச் சொல்வதுபோல, "ஓம்" என்றாள்.

"ஆருக்குப் பிள்ளை ஓம் சொல்லுறாய்?"

"உங்களுக்குக் கேக்கேல்லையா அன்ரி?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சூசை அண்ணன் குனிந்து, லாச்சியில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று, வாயில் விரலை வைத்து எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.