பிரிஸ்கில்லா அக்கா கழித்துவிட்ட விண்மீன் மண்டலம்

பிரிஸ்கில்லா அக்காவின் கண்ணுக்குத் தப்பிய தோல் ஆம்பூரில் கிடையாது. ஷூ கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. உண்ணி கடித்த தழும்போ கத்திக் கீறலோ, எதுவானாலும் வெள்ளி நிற மைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கழித்துவிடுவார். பக்கத்து மேசையில் நூல் வெட்டும் எனக்கு அதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. வட்டம் கம்பெனியோடு நிற்காது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெல்ட்டிலேயே போட்டுவிட்டார், அவர் அதைக் கட்டியிருக்கும்போதே.

1998இல் அவர் மகள் எப்சி ஒன்பதாவது படித்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சியில் தேர்வானால் வேலூர் போகலாம். அதுவரை அவள் பள்ளிகொண்டாவைத் தாண்டியதில்லை. டீச்சர் கொடுத்த விண்மீன் மண்டலப் படம் ஒன்றை அட்டையில் ஒட்டியிருந்தாள். படத்தில் பெயர்கூட இல்லை, எங்கள் ஷூவுக்குப் போடுகிற மாதிரி ஒரு நம்பர்தான்: என்ஜிசி 5866.

சனிக்கிழமை காலை நானும் அவர்களோடு போனேன். பள்ளி வாசலில் ஷூ லேஸ் கட்டுவதற்காக எப்சி அட்டையை அம்மாவிடம் கொடுத்தாள். அவள் நிமிர்வதற்குள் படத்தின் நடுவில் ஓடிய கருப்புக் கோட்டைச் சுற்றி வட்டம் விழுந்துவிட்டது.

"இன்னாம்மா பண்ணிட்ட!"

"கீறல் இருக்குதுடி. உங்க டீச்சர் பழுதான படத்த உன் தலையில கட்டிட்டாங்க."

"அது தூசிம்மா!"

"தூசின்னா தொடச்சிட்டு இல்ல ஒட்டணும்?"

தோலில் அந்த மை தேய்த்தால் போய்விடும். படத்திலோ தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. எப்சி அழுதேவிட்டாள். வேலூர் போச்சு என்றாள்.

நடுவராக வந்த வாத்தியாரிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இது லென்ஸ் வடிவ மண்டலம் சார். நடுவுல புடைப்பு, சுத்தித் தட்டு. சுருள் கை கிடையாது. வாயு கம்மி, அதனால புது நட்சத்திரம் பொறக்கறதும் கம்மி. பழசுதான் ஜாஸ்தி. வெளிச்சம் இங்க வந்து சேர சுமாரா அஞ்சு கோடி வருஷம்."

"இந்த வட்டம்?"

எப்சி அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் சார் போட்டேன்," என்றார் அக்கா. "நடுவுல கீறல். கழிச்சிட்டேன்."

வாத்தியார் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "அட, நான் கவனிக்கவே இல்லயே. இது இன்னாம்மா?"

எப்சி கோட்டின் மேல் விரலை வைத்தாள். "தூசிப் பட்டை சார். தட்டை நாம ஓரத்துலேர்ந்து பாக்கறோம், அதான் கோடாத் தெரியுது. பின்னாடி இருக்கற வெளிச்சத்த மறைக்குது."

"வட்டம் அப்படியே இருக்கட்டும். வேலூருக்கும் இதையே எடுத்துட்டு வா," என்று எழுதத் தொடங்கினார்.

அக்கா என் காதில், "அவர் காலர்ல தையல் பிரிஞ்சிருக்கு பாரு," என்றார். கை பேனாவுக்குப் போனது. எப்சி பாய்ந்து பிடித்தாள்.

வேலூர் பஸ் ஏறும்போது அந்தப் பேனாவைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். அக்காவின் கொண்டைக்குள் இன்னொன்று செருகியிருந்ததைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை.