இடக்கை ஒட்டாவா, வலக்கை ஒன்ராறியோ

பனியில் சறுக்கி வீங்கிய காலோடு, ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காலையிலிருந்து காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் கம்பளித் தொப்பியும் கழுத்துச் சால்வையுமாக ஒருவர். அவரும் விழுந்தவர்தான்; வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆனாலும் இரண்டு கைகளையும் நீட்டாமல் அவருக்குக் கதை வராது. இடக்கை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு; வலக்கை ஒன்ராறியோ மாகாணம்.

“இன்னும் கூப்பிடேல்லையே” என்று நான் முணுமுணுத்ததுதான் பிழை.

“ஆஸ்பத்திரி மாகாணத்தின்ர பொறுப்பு, தம்பி.” வலக்கை எழுந்தது. “கனடாவுக்கு எழுதின அரசியல் யாப்பு இருக்கு. ஒன்ராறியோவுக்கெண்டு தனி யாப்புப் புத்தகம் இல்லை. ஆனா காணியும் பொலிசும் அதின்ர கையில.”

“அண்ணை, எனக்குக் கால் நோகுது.”

“பொறும். ஊரில எங்கட மாகாணசபையைப் பாரும். காணி, பொலிஸ் எல்லாம் யாப்பில வடிவா எழுதியிருக்கு. கையில?” வெறும் வலக்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஒண்டுமில்லை.”

ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்டுச் சலித்த கதை. ஆஸ்பத்திரிக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து ஓட எனக்குக் காலும் இல்லை. எரிச்சலோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தாதி வந்து, அவருடைய வலக்கையைப் பொத்திப் பிடிக்கச் சொன்னார். அவர் முயன்றார். நெற்றி வியர்த்தது, விரல்கள் பாதிகூட மடங்கவில்லை.

“ஏலாது” என்றார், தாதியிடமல்ல, என்னிடம்.

என் கால் எப்போதோ சுகமாகிவிட்டது. அந்தக் கையை அத்தனை தரம் தூக்கி ஆட்டியவர், ஒருதரமாவது ‘நோகுது’ என்று ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.